கடையை மூடினால் கடனும் மூடுமா?

மாசி, பங்குனி மாதங்களில் நாவிதன்வெளிப் பிரதேசத்தில் பெரும்போக அறுவடை முடிகிறது. நெல் மூடைகள் முற்றத்தை விட்டுக் கிளம்பும் அந்த நாட்களில்தான் கடன் கொப்பிகளும் திறக்கப்படுகின்றன. விவசாயி உரக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். உரக்கடைக்காரர் கல்முனை மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும். மொத்த வியாபாரி வங்கிக்குக் கட்ட வேண்டும். ஒரு போகம் பொய்த்தால் சவளக்கடை, அன்னமலை, மத்தியமுகாம் வயல்களில் தொடங்கும் நட்டம் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக் கடைத்தெரு வரை போய்ச் சேருகிறது.

அண்மைய ஆண்டுகளில் அடிக்கு மேல் அடி. 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2024 நவம்பரில் பெருவெள்ளம் அம்பாறைக் கரையோரத்தை மூழ்கடித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என நாடே அறிவித்தது. அன்றிலிருந்து 'வங்குரோத்து' என்ற சொல் தேநீர்க் கடைகளிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. "நாடே கையை விரிச்சிட்டு, நாம விரிச்சா என்ன காக்கா?" என்று பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் முன்னால் இரண்டு யோசனைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, நீதிமன்றத்துக்குப் போய் வங்குரோத்து ஆகிவிடுவது. மற்றது, தொலைபேசியை அணைத்துவிட்டுச் சில வருடங்களை ஓட்டுவது, காலம் கடந்தால் கடன் தானாகச் செத்துவிடும் என்பது. இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

வங்குரோத்துச் சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனிதர் கடனில் மூழ்கினால் என்ன செய்வது என்பதற்கு எமது நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்த சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நொடிப்புக் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் இது. கடனாளி தானாகவோ, கடன் கொடுத்தவரோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று தீர்மானித்தால் அவரது சொத்துக்கள் பொறுப்பாளர் ஒருவரின் கைக்குப் போகும். கடன் கொடுத்தவர்கள் கூட்டப்பட்டு, இருப்பது பங்கிடப்படும். கடனாளி ஒளிவுமறைவின்றிக் கணக்குக் காட்டியிருந்தால் இறுதியில் விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் சிறு வியாபாரிகள் மிக அரிது. நடைமுறை நீளமானது. சட்டத்தரணி செலவு இருக்கிறது. எல்லாச் சொத்தையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். வீட்டை ஈடு பிடித்த வங்கி தன் ஈட்டை விட்டுக்கொடுக்காது. மகளுக்கு எழுதிக் கொடுத்த காணி, மைத்துனர் பெயருக்கு மாற்றிய வாகனம் எல்லாம் கேள்விக்குள்ளாகும். பிணை நின்றவரும் தப்ப மாட்டார்.

இங்கிலாந்தில் 2004 ஏப்ரல் முதல் வங்குரோத்தான ஒருவர் பெரும்பாலும் 12 மாதத்தில் விடுவிக்கப்படுகிறார். லண்டனில் இருக்கும் உறவினர் சொல்லும் கதை அந்த நாட்டுச் சட்டத்தின் கதை. அதை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. எமது பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைக் கொண்டுவரும் முயற்சி 2022 நெருக்கடிக்குப் பின்னர் வேகம் பெற்றது. எனவே மனுச் செய்ய நினைப்பவர் அந்த நேரத்தில் நடைமுறையில் உள்ள சட்டம் எது என்பதைச் சட்டத்தரணியிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

காலம் கடந்தால் கடன் போகுமா?

இரண்டாவது யோசனைக்கு ஆதாரம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். வழக்குத் தொடர அது வைத்திருக்கும் கால எல்லைகளை ஒவ்வொரு வியாபாரியும் அறிந்திருக்க வேண்டும்.

கடைப் பற்று, விற்றுக் கொடுத்த சரக்கின் விலை, கூலி ஆகியவற்றுக்கு 1 வருடம். எழுத்தில் இல்லாத வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம். புரோநோட்டு, எழுத்து மூல ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு 6 வருடம். ஈட்டு உறுதிக்கு 10 வருடம்.

"அப்படியென்றால் ஆறு வருடம் ஒதுங்கியிருந்தால் போதுமே" என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, 'கடன் உண்டு' என்று கையொப்பமிட்டுக் கொடுத்தாலோ காலம் மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். ஐந்தாம் வருடத்தில் ஆள் அனுப்பி வாங்கிய ஐயாயிரம் ரூபா பழைய கடனுக்குப் புது உயிர் கொடுத்துவிடும்.

இரண்டாவது, கால எல்லை வழக்குப் போடுவதற்குத்தான். ஆறாம் வருடம் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது வழக்குப் போட்டாலும் வழக்கு வழக்குத்தான். தீர்ப்புக் கிடைத்தால் அதை நிறைவேற்ற மேலும் 10 வருடம் உண்டு. ஆக, ஒளிந்திருப்பவர் கணக்குப் பார்க்க வேண்டியது ஆறு வருடத்தையல்ல, பதினாறு வருடத்தையும் அதற்கு மேலும்.

மூன்றாவது, காலாவதி என்பது நீதிமன்றத்துக்கு வந்து எடுத்துச் சொல்ல வேண்டிய வாதம். அழைப்பாணையைக் கண்டு பின்கதவால் போய்விட்டால் ஒருதலைத் தீர்ப்பு விழும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் போகலாம். அங்கே நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பொன்றை வழங்குகிறது. கடனாளி அனுமதி பெற்றுத்தான் வாதாட முடியும்.

நான்காவது, விசேட சட்டங்களால் காலக்கணக்கு மாறலாம். கொவிட் காலத்தில் செய்ய முடியாமற்போன சட்ட நடவடிக்கைகளுக்கு அவகாசம் தர 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நாட்காட்டியை மட்டும் பார்த்து "முடிந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

காத்திருந்தால் பெருகும் கடன்கள்

சில கடன்களில் காத்திருப்பு நட்டத்தைத் தவிர வேறொன்றும் தராது.

வீட்டையோ கடையையோ வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் 'பராட்டே' அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் 50 இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை இதிலிருந்து விலக்கியது. 2024இல் இந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. தள்ளிவைத்த காலத்திலும் வட்டி தள்ளிவைக்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. பராட்டே இல்லாத சிறு கடனாக இருந்தாலும் வங்கி வழக்குப் போடலாம். உறுதி அவர்கள் பெட்டியிலேயே இருக்கும்.

லீசிங் வாகனத்தில் பதிவுப் புத்தகப்படி உரிமை கம்பனியுடையது. வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். விற்ற விலை நிலுவைக்குப் போதாவிட்டால் மிச்சத்தைக் கேட்டு மறுபடியும் கடிதம் வரும்.

காசோலை எல்லாவற்றையும் விட ஆபத்தானது. கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. தண்டனை ஒரு வருடம் வரையான சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி முதல் திரும்பிய காசோலைகளில் பெரும்பாலானவற்றைக் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்கிவிட்டது. டுபாயிலிருந்து வந்த நண்பர் சொன்னார் என்று இங்கே முன்திகதிக் காசோலைகளை அள்ளிக் கொடுக்க வேண்டாம்.

பிணை நின்றவரின் நிலை இன்னும் பரிதாபம். "முதலில் கடன் வாங்கியவனிடம் கேட்டு வா" என்று சொல்லும் உரிமை பிணையாளருக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் கையொப்பம் வைக்கும் படிவங்களில் பொதுவாக அந்த உரிமை துறக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒளிந்தால், பாடசாலை ஆசிரியரான உங்கள் மச்சானிடம்தான் கடிதம் போகும்.

மறுபுறம், சட்டம் கடனாளியை முற்றாக உரித்துவிடவும் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொத்தைக் கைப்பற்றும்போது அத்தியாவசிய உடுதுணி, படுக்கை, தொழில் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைநெல் ஆகியவற்றைத் தொட முடியாது எனக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகிறது. கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களில் அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்த காணியை அரச அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கடன்காரர் மிரட்டினார் என்பதற்காக அத்தகைய வயலை வெற்றுத்தாளில் எழுதிக் கொடுப்பவர் காணியையும் இழந்து, சிக்கலையும் வாங்குகிறார்.

நீதிமன்றம் விட்டாலும் விடாத கணக்கு

முஸ்லிம் வியாபாரிக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. காலாவதிச் சட்டம் கடன் கொடுத்தவரின் வழக்கைத்தான் தடுக்கிறது. வாங்கியவரின் பொறுப்பை மார்க்கம் காலத்தோடு கழற்றிவிடுவதில்லை. உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத்தொகுப்பும் இப்படித்தான். 15 வருடம் கடந்த கோரிக்கையை நீதிமன்றம் விசாரிக்காது என்றது, ஆனால் காலம் போனதால் உரிமை அழியாது என்றும் சேர்த்தே சொன்னது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் "மையித்துக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகள் அறிவிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மூன்று தீனார் கடன் வைத்து மரணித்த ஒருவருக்கு நபியவர்கள் தொழுகை நடத்தாது நின்றதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. அந்த அறிவிப்பில் வாசிக்கப்படும் கடனுக்கு ஆறு வருடக் கணக்கு இல்லை.

அதேவேளை, இல்லாதவனை நெரிப்பதையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஸூறா பகறாவின் 280ஆவது வசனம் கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்கிறது. பழங்களை வாங்கி நட்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவரின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபியவர்கள் முதலில் அவருக்குத் தர்மம் செய்யும்படி மக்களைக் கேட்டார்கள். சேர்ந்தது போதவில்லை. இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள். நொடித்தவர் விவகாரத்துக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை. ஊர் கைகொடுத்தது, கடனாளி உள்ளதை வெளியே வைத்தார், கடன் கொடுத்தவர்கள் அதற்கு மேல் நெருக்கவில்லை. மூன்றும் சேர்ந்தே நடந்தன. ஒளிந்திருப்பவருக்கு இந்த முன்மாதிரியில் இடமில்லை.

ஓர் உதாரணக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சவளக்கடைப் பக்கம் பலசரக்கும் உரமும் விற்கும் ஒருவருக்கு 48 இலட்சம் ரூபா கடன். வீட்டை ஈடு வைத்த வங்கிக் கடன் 20 இலட்சம். சின்ன லொறியின் லீசிங் 9 இலட்சம். கல்முனை மொத்தக் கடைக்கு 8 இலட்சம், அதில் 3 இலட்சத்துக்கு முன்திகதிக் காசோலைகள். புரோநோட்டுக் கடன் 6 இலட்சம். பக்கத்து வீட்டு மாமி நம்பிக் கொடுத்த காப்புகளின் பெறுமதி 3 இலட்சம். மனைவி பெயரில் நுண்கடன் 2 இலட்சம்.

அவர் ஒளிந்தால் என்ன நடக்கும்? சட்டப்படி முதலில் வலுவிழப்பது சும்மா பற்றில் சரக்குக் கொடுத்த மொத்தக் கடைக்காரரின் 5 இலட்சம். அடுத்தது ஒரு தாளும் வாங்காமல் காப்பைக் கழற்றிக் கொடுத்த மாமியுடையது. கடைசிவரை உயிரோடு இருப்பது வங்கியின் ஈடு. அதாவது, காத்திருப்பால் அடிபடுவது நம்பிக் கொடுத்த ஏழை. வட்டியோடு கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. இதில் புத்திசாலித்தனமும் இல்லை, நீதியும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அவரது கொப்பியில் விவசாயிகள் தர வேண்டியது 14 இலட்சம் இருக்கிறது என்று வைப்போம். அது கடைப் பற்று. அதற்கு 1 வருடம்தான். அவர் கடையைப் பூட்டி ஒளிந்திருக்கும்போது, தான் கொடுக்க வேண்டியது 6 வருடம், 10 வருடம் என்று உயிரோடு இருக்கிறது. தனக்கு வர வேண்டியதோ ஒரு வருடத்தில் கைநழுவுகிறது. சிறு வியாபாரிக்குக் காலம் நண்பனல்ல.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதி, என்ன பத்திரம், யார் பிணை, கடைசியாக எப்போது கட்டியது என்பன வேண்டும். வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்குக் கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் சொந்த அறிக்கையைப் பெறலாம். மனைவி பெயரிலுள்ள கடனையும் மறைக்காமல் எழுத வேண்டும். பல வீடுகளில் பிரச்சினை முற்றிய பிறகுதான் அது வெளிவருகிறது.

இரண்டாவது, வர வேண்டியதை உறுதிப்படுத்துங்கள். அறுவடைக் காலத்திலேயே கொப்பிக் கணக்கைக் காட்டி, தொகையை ஏற்றுக் கையொப்பம் வாங்குங்கள். சண்டை வேண்டியதில்லை, ஒரு தாள் போதும். கடனை எழுதிக்கொள்ளும்படி ஸூறா பகறாவின் 282ஆவது வசனம் சொல்வது இருவரையும் காப்பதற்காகத்தான்.

மூன்றாவது, காசோலையை முதலில் தீருங்கள். மொத்தக் கடைக்காரரிடம் நேரில் போய், காசோலைகளைத் திரும்பப் பெற்று, தவணை ஒப்பந்தமாக மாற்றிக் கேளுங்கள். காசோலை திரும்பிய பிறகு பேசுவதும் அதற்கு முன் பேசுவதும் ஒன்றல்ல.

நான்காவது, வங்கிக்கு எழுத்தில் போங்கள். நெருக்கடியில் உள்ள வியாபாரங்களுக்கு உதவும் தொழில் மீளெழுச்சிப் பிரிவுகளை அமைக்குமாறு 2024இல் மத்திய வங்கி வங்கிகளுக்குப் பணித்தது. மீளட்டவணை கேட்கும் கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டிய சொத்து இருந்தால் ஏலத்துக்கு முன் நீங்களே விற்பதே இலாபம்.

ஐந்தாவது, தனியாரின் கடன்களை ஒரே அமர்வில் பேசுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. பள்ளிவாசல் நிருவாகத்தில் நடுநிலையான இருவரை வைத்தும் பேசலாம். ஒருவருக்கு இரகசியமாக முழுவதையும் கொடுத்து மற்றவரை வெறுங்கையோடு விடாமல், எல்லோருக்கும் விகிதப்படி கொடுக்கும் ஒழுங்கை எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தாளில்லாத கடனையும் அதில் சேருங்கள். ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் அடங்குவர் என்பதை ஊர் ஸகாத் நிதியை நடத்துவோரும் நினைவில் வைக்க வேண்டும்.

அரசு தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கும், 2022இல் 2 ஹெக்டேயருக்குக் குறைந்த நெற்செய்கையாளரின் பயிர்ச்செய்கை வங்கிக் கடன்களுக்கும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது உண்மை. உரக்கடைக் கொப்பிக்கும் புரோநோட்டுக்கும் அப்படி ஒரு வர்த்தமானி வராது.

இவ்வளவும் செய்த பின்னரும் சொத்தை விடக் கடன் பல மடங்காக இருந்து, கடன் கொடுத்தவர்கள் உடன்பாட்டுக்கு வராவிட்டால் நொடிப்பு மனு ஒரு கௌரவமான வழிதான். அதில் வெட்கமில்லை. பத்திரங்கள் அனைத்தோடும் சட்டத்தரணியிடம் போங்கள். வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றம் விடுவித்த பிறகும், வசதி வந்தால் மாமியின் காப்புக் கணக்கு பாக்கியிருக்கிறது என்பது மனதில் இருக்கட்டும்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்கு முன்னால் கூட்டம் கூட்டி அவமானப்படுத்தினால் அவர் கடையைப் பூட்டுவார். பூட்டிய கடையிலிருந்து யாருக்கும் ஒரு ரூபாவும் வருவதில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கும் அளவுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். கணக்கைத் திறந்து காட்டும் கடனாளியும், அவகாசத்தை எழுத்தில் கொடுக்கும் வியாபாரியும் இருக்கும் கடைத்தெருவில்தான் அடுத்த வருடமும் கடனுக்கு ஒரு மூடை உரம் கிடைக்கும்.